மட்டக்களப்பிலிருந்து போய் இரவில் நகர விளக்குகள் பார்க்க எந்த மலை நல்லது?

வாவிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். எங்கே போகலாம் என்று கேட்டால், இரவில் ஒரு மலையில் நின்று கீழே நகரம் முழுக்க விளக்கு எரிவதைப் பார்க்க வேணும் என்கிறாள். நீர்வீழ்ச்சி வேண்டாமாம், யானைச் சவாரி வேண்டாமாம். இது ஒன்றுதான் வேணுமாம்.

நாங்கள் கல்லடி. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, இடையில் தட்டை மணல். சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடியை விட உயரமான இடத்தில் அவள் இரவில் நின்றதில்லை. அதனால் இந்த ஆசையை நான் சின்னதாக நினைக்கவில்லை. சரியாகச் செய்து கொடுக்க வேணும் என்று இருக்கிறது.

போவது நான், இவர், மகள், எட்டு வயது மகன், என்னுடைய அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், படி ஏறமாட்டா. பங்குனிக் கடைசியில், வருடப் பிறப்புச் சனநெரிசலுக்கு முதல் போகலாம் என்று எண்ணம். குடும்பிமலை என்று சிலர் சொல்கிறார்கள், கண்டி என்று சிலர், அப்புத்தளை என்று சிலர். இரவில் போய் நின்று பார்த்தவர்கள் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேணும்? குமர்ப்பிள்ளையோடு போய் நிற்கக்கூடிய இடமா?

ட்ரைபொட் தம்பி

அக்கா, கண்டிக்கு ஏன் போக வேணும்? குடும்பிமலை இருக்கிறதே. நம் மாவட்டத்தில் மலை என்று சொல்ல அதுதான் இருக்கு. நான் காலையில் ஏறியிருக்கிறேன். காடும் குளமும் வயலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தெரியும். இரவில் ஏறினால் மட்டக்களப்பு முழுக்க விளக்காகத் தெரிய வேணும். ஆளுக்கொரு ரோச் லைட்டும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தால் போதும். அம்மாவை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாங்க.

கிரான் சந்தி

தம்பி, தயவு செய்து இப்படி எழுதாதே. யாராவது நம்பிப் போய்விடுவார்கள்.

நான் கிரான் ஆள். அந்தத் தெருவில் வயலுக்கும் மாட்டுப் பட்டிக்கும் போய் வருகிறவன். பொழுது பட்டால் எங்கள் ஆட்களே அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளை எடுக்கமாட்டார்கள். யானை தெருவிலேயே நிற்கும். ரோச் அடித்தால் விலகும் என்று எண்ணாதே, வெளிச்சத்தைக் கண்டு கிறுகி வந்த தனியனும் உண்டு. நெல் முற்றுகிற காலத்தில் காவல் பரணில் இருக்கிறவர்கள் யானை வெடி போடுகிற சத்தம் விடியும் வரைக்கும் கேட்கும். வெடிக்குக் கலைந்த யானை எந்தப் பக்கம் வரும் என்று யாருக்குத் தெரியும்? மாரியில் கதையே வேறு. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகிற தெரு வெள்ளத்தில் தாழ்ந்து, சனம் தோணியில் போய் வரும்.

அதோடு, அது போர் நடந்த காடு. 2007 வரைக்கும் அங்கே சண்டை. பாதையை விட்டு இறங்கி நடக்கிற இடம் இல்லை. இருட்டில் பாதை எது, பாதை இல்லாதது எது என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதெல்லாம் தாண்டி ஏறினாலும் அங்கே பார்க்க நகரம் இல்லை. அடியில் காடு, அதற்கு அப்பால் வயல், அதற்கும் அப்பால் கடலோரமாக ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு. அவ்வளவுதான் தெரியும். பகலில் போனால் வடிவான மலை. கேட்டால் நானே கூட்டிக்கொண்டு போவேன். இரவில் மட்டும் வேண்டாம்.

கணக்கு மிஸ்

கிரான் சந்தி சொன்ன அந்த மெல்லிய கோட்டுக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறதுதான், இங்கேயும் சொல்கிறேன்.

நிற்கிற உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வரும். முகத்துவாரத்து வெளிச்ச வீடு 28 மீட்டர், அதன் உச்சியிலிருந்து அடிவானம் 19 கிலோமீட்டர் அளவில். 500 மீட்டர் மலையில் நின்றால் 80 கிலோமீட்டர். ஆகவே குடும்பிமலையிலிருந்து மட்டக்களப்பு தெரியும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி. 40 கிலோமீட்டர் தூரத்து நகரத்தை 500 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், அடிவான மட்டத்துக்குக் கீழே ஒரு பாகை கூடக் கண்ணைத் தாழ்த்தத் தேவையில்லை. கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அதன் அகலம் ஒரு பாகை அளவு வரும். மேலிருந்து கீழாக நகரம் முழுக்க அந்த அகலத்துக்குள் அடங்கிவிடும். தெரு எது, சந்தி எது, பாலம் எது என்று பிரித்துப் பார்க்க இடமே இல்லை. கடற்காற்றின் ஈரமும் உப்பும் இருக்கிறதையும் மங்கச் செய்யும்.

அதே நேரம் ஊருக்குப் பக்கத்திலேயே 100 மீட்டர் உயரத்தில் நின்றால், விளக்குகள் ஒன்று இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும். கண்ணை நன்றாகத் தாழ்த்திப் பார்ப்பீர்கள். தெருக்கள் தெருக்களாகவே தெரியும். மகளுக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். ஊரை ஒட்டி நிற்கிற மலையைத் தேடுங்கள், உயர்ந்த மலையைத் தேட வேண்டாம். அப்புத்தளையும் இந்தக் காரணத்தால்தான் உங்களுக்குச் சரிவராது. அங்கே நின்றால் தெற்குச் சமவெளி கண்ணுக்கெட்டிய மட்டும் விரியும், காலை வேளைக்கு அதைப் போல இடம் இல்லை. இரவில் விளக்குகள் தூரத் தூரமாகச் சிதறித் தெரியும், இடையில் புகார், அதாவது மூடுபனி, ஏறி வந்து மூடிவிடும்.

கண்டி இந்தக் கணக்குக்குப் பொருந்துகிற ஊர். சுற்றிவர மலை, நடுவில் நகரம், அதற்குள் வாவி.

களுதாவளையான் (இப்போது ஹொக்கைடோ)

மிஸ் சொன்னதற்கு நான் கண்ணால் கண்ட சாட்சி. நான் வேலை செய்கிற தீவில் ஹகோடாத்தே என்று ஒரு துறைமுக நகரம். இரவு விளக்குக்கு உலகம் முழுக்கப் பேர் போன மலை அங்கே இருக்கிறது. உயரம் 334 மீட்டர்தான், நம் குடும்பிமலையை விடக் குறைவு. ஊரின் ஓரத்தில், ஊர் முடிகிற இடத்திலேயே எழும்பி நிற்கிறது. கீழேயிருந்து தொங்கு வண்டியில் 3 நிமிடத்தில் மேலே போய்விடலாம். ஒரு வண்டியில் 125 பேர் வரை ஏறலாம். மாலையில் தனியார் வாகனங்களுக்கு மலைத்தெருவை மூடிவிடுவார்கள், பஸ்ஸும் தொங்கு வண்டியும்தான்.

முதன்முதலில் மேலே போய்க் கீழே பார்த்தபோது எனக்கு நம்மூர் ஞாபகம்தான் வந்தது. ஊர் இரண்டு கடலுக்கு நடுவில் உடுக்கை போல இடை ஒடுங்கிக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர் கறுப்பாக இருக்கும், நடுவில் மட்டும் விளக்கு. அந்தக் கறுப்பு இல்லையென்றால் விளக்குக்கு அத்தனை அழகு வராது. கோடை, இலையுதிர் காலத்தில் கணவாய் மீன் பிடிக்கிற படகுகள் வெளிச்சம் போட்டுக்கொண்டு கடலில் நிற்கும், அதுவும் அந்தக் காட்சியில் சேரும். கல்லடியும் புளியந்தீவும் இதே மாதிரி இடம்தானே. ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட வாவி. மலை ஒன்றுதான் நமக்கு வாய்க்கவில்லை.

இன்னொன்று. அந்த மலையும் ஒரு காலத்தில் இராணுவக் கோட்டை. இரண்டாம் உலகப் போர் முடியும் வரைக்கும் பொதுமக்கள் ஏற முடியாது. இன்றைக்கு அங்கே பிள்ளைகள் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். கிரான் சந்தி அண்ணன் குடும்பிமலையைப் பற்றி எழுதியதைப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது.

வாவிக்கரை அக்கா, நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முழு இருட்டில் போகாதீர்கள். அங்கே தெரிந்த ஆட்கள் சூரியன் மறைய முதலே மேலே இடம் பிடித்துவிடுவார்கள். மறைந்து ஒரு கால் மணித்தியாலம் கழித்து வானம் கரு நீலமாகும், அப்போது விளக்கும் எரியும், மலை விளிம்பும் தெரியும், தண்ணீரும் வானத்து நிறத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் பார்க்க வேண்டிய நேரம். பிறகு வருகிறவர்களுக்குக் கறுப்புக்குள் புள்ளிகள்தான் கிடைக்கும். அதுவும் அழகுதான், ஆனால் எந்த ஊர் என்று தெரியாத அழகு. நம் நாடு பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் அந்த நேரம் இன்னும் குறைவு. 20 நிமிடத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மருதமுனைக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். அம்பாறைப் பக்கமும் கொஞ்சம் பேசுவோம். புத்தங்கல குன்றில் நின்றால் அம்பாறை நகரமும் சுற்றியுள்ள குளங்களும் கரையோரம் வரைக்கும் வயல்வெளியும் தெரியும். மிஸ் சொல்கிற மாதிரி ஊருக்குக் கிட்டவும் இருக்கிறது. ஆனால் அது பிக்குகள் தியானத்தில் இருக்கிற ஆரண்ணியம். பகலில் மரியாதையாகப் போய் வரலாம், இரவில் வேடிக்கை பார்க்கப் போகிற இடமில்லை. போகிற தெருவிலும் பின்னேரமானால் யானை. அதனால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பதற்காகவே எழுதினேன்.

நீங்கள் சொல்கிற அந்த நல்ல நேரம் எங்களுக்கு மஃரிப், அந்தித் தொழுகை நேரம். மஃரிப் வக்து கொஞ்ச நேரம்தான், வானத்தின் செம்மை போகிற வரைக்கும். குடும்பத்தோடு கண்டிக்குப் போனபோது நாங்கள் முதலிலேயே இடத்தைப் பார்த்து, ஓரமாக ஒரு விரிப்புக்கு இடம் வைத்துக்கொண்டோம். தொழுது எழும்பித் திரும்பினால் கீழே விளக்கெல்லாம் எரிகிறது. முஸ்லிம் குடும்பங்கள் யாராவது படித்தால் இதை யோசித்துப் போங்க, பள்ளியைத் தேடி இறங்கினால் இரண்டும் இல்லாமல் போய்விடும்.

காரைதீவு அக்கா

கண்டி என்றால் இரண்டு இடம். வாவிக்கரை தங்கச்சி, உங்களுக்கு எது சரி என்று நான் சொல்கிறேன்.

பஹிரவகந்தவில் பெரிய புத்தர் சிலை இருக்கிறது, 88 அடி. அங்கிருந்து பார்த்தால் நகரம் காலடியில் கிடக்கும். ஆனால் படி உண்டு, அம்மாவுக்குச் சரிவராது. விகாரை என்பதால் செருப்பு வெளியில், தோளும் முழங்காலும் மூடின உடுப்பு. சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லி வையுங்கள். எத்தனை மணி வரை விடுகிறார்கள் என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்தர்ஸ் சீட் வாவிக்கு மேலே, தெருவோரத்திலேயே இருக்கிற இடம். வாகனம் வாசல் வரைக்கும் போகும். அம்மாவை இறக்கினால் நாலு அடி நடந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். முன்னால் வாவி, அதன் மறு கரையில் புத்தரின் பல் வைத்திருக்கிற தலதா மாளிகை, எதிர் மலையில் அந்தப் பெரிய புத்தர். உங்களுக்கு இதுதான்.

சின்ன விஷயம் என்று விடாமல் இன்னும் கொஞ்சம். கண்டி கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் அளவு. பொழுது பட்டதும் நம் ஆட்களுக்குக் குளிரும், அம்மாவுக்கு ஒரு சுவெட்டர் எடுங்கள். மஹியங்கனை தாண்டி மலை ஏறுகிற பதினெட்டு வளைவுத் தெருவில் பிள்ளைகள் சத்தி எடுப்பார்கள். மஹியங்கனையில் வயிறு முட்டச் சோறு கொடுக்காமல், இஞ்சி டொபியும் தேசிக்காயும் கையில் வைத்திருங்கள். மேலே ஏறுவதற்கு முதல் தங்குமிடத்திலேயே எல்லாரும் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். பெண்கள் இதை நினைத்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து தலையிடியோடு நிற்கிறதை நான் பார்த்திருக்கிறேன். குமர்ப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். ஏழு, ஏழரை வரை குடும்பங்கள் நிற்கும், பயமில்லை. அதற்குப் பிறகு நின்று என்ன காணப் போகிறோம்? இறங்கிவிடுங்கள்.

போயா நாளை, பௌர்ணமியை, தவிருங்கள். மாளிகைக்கு வருகிற சனத்தில் வாகனம் அசையாது.

அம்பாறை வான்

நான் இந்த ஓட்டம் ஓடுகிறவன். பாதையைச் சொல்கிறேன்.

செங்கலடிச் சந்தியில் திரும்பி ஏ5 வீதி. கரடியனாறு, மகா ஓயா, பதியத்தலாவை. அங்கிருந்து ஏ26, மஹியங்கனை, ஹசலக்க, பதினெட்டு வளைவு, ஹுன்னஸ்கிரிய, தெல்தெனிய, கண்டி. அம்பாறை ஆட்கள் வந்தால் மகா ஓயாவில் இந்தப் பாதையோடு சேர்ந்துவிடலாம். காலை ஆறுக்கு எடுத்தால் இடையில் நிறுத்திச் சாப்பிட்டும் ஒரு மணி, இரண்டு மணிக்குக் கண்டியில் நிற்கலாம். ஐந்தரைக்கெல்லாம் மேலே இருக்க வேணும். அந்த நேரம் வேலை விட்ட வாகனம், ரியூசன் விட்ட பிள்ளைகள் என்று கண்டி நகரம் அடைத்துக்கொள்ளும். ஐந்துக்கு முதலே தங்குமிடத்திலிருந்து வெளிக்கிடுங்கள். ஆர்தர்ஸ் சீட்டில் பெரிய வான் திருப்ப இடம் நெருக்கம். வானைக் கீழே விட்டுவிட்டு இரண்டு ஓட்டோ பிடிப்பது நல்லது, போகும்போதே திரும்பி வரவும் பேசிக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வளைவைப் பற்றிச் சிலர், அங்கேயே இரவில் நின்று மஹியங்கனைச் சமவெளி விளக்கைப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். தெரியும்தான். ஆனால் வளைவில் நிறுத்தாதீர்கள். மேலேயிருந்து லொறி இறங்கி வருகிறவன் உங்களை எதிர்பார்க்கமாட்டான். புகார் இறங்கினால் அவன் லைட்டே உங்களுக்குக் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். பகலில் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்திப் பாருங்கள், கீழே தெரு மடிந்து மடிந்து கிடக்கிறதே ஒரு காட்சி. இறங்கும்போது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல் சின்ன கியரில் இறங்கச் சொல்லி உங்கள் சாரதிக்குச் சொல்லுங்கள்.

மிக முக்கியமானது, அன்றைக்கு இரவே திரும்பாதீர்கள். அறை வாடகையை மிச்சம் பிடிக்க இரவோடு இரவாக வருகிறவர்கள் உண்டு. மகா ஓயாவுக்கும் கரடியனாற்றுக்கும் இடையில் இரவில் யானை தெருவைக் கடக்கும். கறுப்புத் தார், கறுப்பு உடம்பு. லைட் வெளிச்சத்துக்குள் அது வந்து நிற்கும்போது பிரேக் பிடிக்கத் தூரம் இருக்காது. தங்கி, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்படுங்கள்.

வாவிக்கரை

எல்லாருக்கும் நன்றி. கண்டி, ஆர்தர்ஸ் சீட் என்று முடிவெடுத்துவிட்டோம். ஓர் இரவு தங்கல். மிஸ், நீங்கள் எழுதியதை மகள் கொப்பியில் எழுதி மொட்டை மாடி உயரத்துக்கும் கணக்குப் பார்த்திருக்கிறாள். ட்ரைபொட் தம்பி, நீங்கள் படம் எடுக்கிற ஆள் போல. எங்களிடம் சாதாரண போன்தான். அதில் ஒழுங்காக எடுக்க வழி இருக்கா?

ட்ரைபொட் தம்பி

இருக்கு அக்கா. முதலில் பிளாஷை நிறுத்துங்கள். அது மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது, முன்னால் நிற்கிற கம்பிதான் வெள்ளையாக விழும். போனைக் கையில் பிடிக்காமல் கம்பி மேலோ சுவர் மேலோ சாய்த்து வைத்து, இரண்டு செக்கன் டைமர் போட்டு எடுங்கள். விரல் பட்டாலே ஆடிப்போகும். இரவு மோட் இருந்தால் அதில் விடுங்கள். இருட்டு என்று போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், விளக்கெல்லாம் வெள்ளைக் கட்டியாகிவிடும். திரையில் ஒரு விளக்கைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள். அப்போதுதான் மஞ்சள் விளக்கு மஞ்சளாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வரும். பெரிதாக்கி எடுக்க வேண்டாம்.

கமரா உள்ளவர்களுக்கு: ஐஎஸ்ஓ 100, எஃப்8, எட்டிலிருந்து பதினைந்து செக்கன். வாகனம் ஓடுகிற கோடு வாவியைச் சுற்றி வளைந்து வரும். காற்று அடித்தால் ட்ரைபொட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள்.

கிரான் சந்தி அண்ணன், உங்கள் கதையை ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு உண்மையில் அங்கே விளக்கை விட நட்சத்திரம் எடுக்கத்தான் ஆசை. அந்த இருட்டு வேறெங்கும் கிடைக்காது.

கிரான் சந்தி

நட்சத்திரத்துக்கு மலை எதற்குத் தம்பி? எங்கள் வீட்டு வளவுக்கு வா. முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு எடு. எங்கள் வளவு யானை வேலிக்கு உள்பக்கம்தான்.

பழைய தபால்காரர்

பிள்ளைகள், இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். நானும் கொஞ்சம் எழுதலாமா?

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு இளம் வயது. விடிந்து பார்த்தால் மின்கம்பமும் தென்னையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. நெடுநாள் வரைக்கும் இரவு என்றால் குப்பி விளக்குதான். மறுகா போர்க்காலம். பொழுது பட முதல் கதவைப் பூட்டி விளக்கை அணைத்துவிடுவோம். வீட்டுக்குள் வெளிச்சம் இருந்தால் ஆள் இருப்பது தெரியும் என்ற பயம். வானத்தில் வெளிச்சம் வந்தால் அது பரா லைட், பாரசூட்டில் இறங்குகிற வெளிச்சக் குண்டு. அது இறங்கி அணையும் வரைக்கும் பிள்ளைகளைத் தரையில் படுக்க வைத்திருப்போம். என் மகனுக்குக் கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் விளக்கு வைக்கக் கூடப் பயமாக இருந்த வருடங்கள் உண்டு.

அதனால் ஒரு பிள்ளை விளக்குகளைப் பார்க்க வேணும் என்று கேட்கிறாள், அவளுடைய தாய் எந்த மலை நல்லது என்று ஊரைக் கேட்கிறாள் என்பதைப் படிக்க எனக்குப் பெரிய சந்தோஷம். ஓர் ஊர் தன் விளக்குகளைப் பயமில்லாமல் எரிய விடுவது சாதாரண விஷயம் இல்லை மகள். போய் நன்றாகப் பாருங்கள்.

கண்டிக்குப் போக வழியில்லாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1924 இல் திறந்த நம் பழைய கல்லடிப் பாலத்தில் பொழுது படும் நேரம் போய் நில்லுங்கள். 2013 இல் திறந்த புதிய பாலத்து விளக்குகள் பக்கத்திலேயே தண்ணீரில் விழும். உயரம் இல்லைதான். ஆனால் தண்ணீருக்கு மேலே நிற்கும்போது ஒவ்வொரு விளக்கும் இரண்டாகத் தெரியும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைக்கும், நிலாக் காலத்தில், காற்று அடங்கின இரவில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் துடுப்பை நீருக்குள் விட்டு அதன் மறு நுனியில் காதை வைத்துக் கேட்பார்கள்.

களுதாவளையான் (இப்போது ஹொக்கைடோ)

ஐயா, நன்றி. வேறு எதுவும் எழுத வரவில்லை.

திருமலை மருமகன்

மட்டக்களப்பு ஆட்களுக்குக் கண்டியை விடக் கிட்டிய இடம் ஒன்றை யாரும் சொல்லவில்லையே. திருக்கோணேஸ்வரம். கோட்டைக்குள்ளால் போய் சுவாமி மலைக்கு ஏறினால் மூன்று பக்கமும் கடல். மாலைப் பூசை பார்த்துவிட்டு வரும்போது நகரத்து விளக்குகள் குடாக் கரையை ஒட்டி வளைந்து தெரியும். கோட்டைத் தெருவில் மான்கள் படுத்திருக்கும், சின்னவனுக்கு அது போதும். ஏ15 வீதி கரையோரமாகவே போகிறது, வளைவும் இல்லை, சத்தியும் இல்லை. அம்மாமார் உள்ள வீடுகளுக்கு நல்லது. கண்டியைப் போல விளக்குக் கூட்டம் இருக்காது, கடலும் கோயிலும் சேர்ந்து அதை ஈடு செய்யும்.

காரைதீவு அக்கா

உண்மை. கடைசிப் படிகளில் மட்டும் அம்மாவுக்குக் கை கொடுக்க ஆள் வேணும்.

வாவிக்கரை

போய் வந்துவிட்டோம். கேட்டவர்களுக்குச் சொல்ல வேணும் என்பதால் வந்ததும் எழுதுகிறேன்.

மஹியங்கனை தாண்டும் வரைக்கும் நல்ல வெயில். கண்டியில் இரண்டு மணிக்கு இடியோடு மழை பிடித்தது. இவர், இனி எங்கே தெரியப் போகிறது என்று அறைக்குள் படுத்துவிட்டார். நாலரைக்கு விட்டது. பங்குனி, சித்திரையில் மலைநாட்டில் பின்னேர மழை வழக்கம் என்று தங்குமிடத்து ஆள் சொன்னார். அந்த மழை நல்லதுக்குத்தான் பெய்திருக்கிறது. புகை, தூசு எல்லாம் கழுவிப் போய், எதிர் மலையில் உள்ள வீடுகளின் ஜன்னல் கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

அம்பாறை வான் அண்ணன் சொன்ன மாதிரி இரண்டு ஓட்டோவில் ஐந்தரைக்கு முதல் போய்விட்டோம். கம்பியெல்லாம் ஈரம். அம்மா சுவெட்டர் கையை இழுத்துத் துடைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டு நின்றா. ஆறேகால் அளவில் சூரியன் மறைந்தது. உடனே எதுவும் நடக்கவில்லை, மகன் "எங்கே விளக்கு?" என்று சிணுங்கத் தொடங்கிவிட்டான். பிறகு வாவியைச் சுற்றிப் போகிற வாகனங்களின் லைட், அப்புறம் தெரு விளக்கு ஒரு வரிசை, நடுவில் ஒன்று எரியாமல் விட்டு அதற்கு அப்பால் இன்னொரு வரிசை. மாளிகைச் சுவர் வெள்ளையாக எழும்பியது. எதிரே பெரிய புத்தருக்கு வெளிச்சம் போட்டார்கள். வாவி மட்டும் எரியாமல் நடுவில் கிடந்தது, அதற்குள் இருக்கிற சின்னத் தீவு இன்னும் கறுப்பாக. களுதாவளைத் தம்பி, நீங்கள் எழுதின கறுப்பு என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மகள் நகரத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். பிறகு முழுக்க மலைச்சரிவில் இருக்கிற வீடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீடாக விளக்குப் போடுகிறார்கள் அம்மா, அந்தா அந்த வீட்டில் இப்போதுதான் ஆள் வந்திருக்கு, என்று சொல்லிச் சொல்லிக் காட்டினாள். படம் நாலைந்துதான் எடுத்தாள், டைமர் போட்டு எடுத்த ஒன்று வடிவாக வந்திருக்கிறது. ஏழுக்கு முதல் வானம் முழுக்கக் கறுத்துவிட்டது, புகாரும் இறங்கத் தொடங்கியது. ஏழேகாலுக்கு இறங்கிவிட்டோம்.

பழைய தபால்காரர் ஐயா, நீங்கள் எழுதியதை அங்கே நின்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவும் பரா லைட் காலத்துக் கதை இரண்டு சொன்னா, பிள்ளைகள் இதுவரை கேட்காத கதைகள். அவவுடைய அனுமதியில்லாமல் அதை இங்கே எழுதவில்லை.

மகளுக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது: குடும்பிமலையைப் பகலில் பார்க்கலாமா? கிரான் சந்தி அண்ணன், சொன்ன சொல் நிற்குதா?

கிரான் சந்தி

நிற்குது தங்கச்சி. ஆனியில் வாங்க, தெரு காய்ந்திருக்கும். கச்சான் காற்று தொடங்கினால் ஒன்பது மணிக்கெல்லாம் கல் சுடும், அதனால் காலை ஆறு மணிக்குச் சந்தியில் நிற்க வேணும். செருப்புப் போட்டு வர வேண்டாம், கட்டுகிற சப்பாத்து வேணும். அம்மா எங்கள் வீட்டில் இருக்கட்டும், மனுசியோடு கதைத்துக்கொண்டு. மதியச் சாப்பாடும் இஞ்சதான். ட்ரைபொட் தம்பி, நீயும் வா. முதல் நாள் இரவே வந்து முற்றத்தில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, காலையில் இவர்களோடு ஏறு.

ட்ரைபொட் தம்பி

வருகிறேன் அண்ணன். நிலா இல்லாத கிழமையாகப் பார்த்துச் சொல்லுங்கள்.